மெஷின் பார்த்த முதல் தண்ணீர்

அத்தியாயம் பதினான்கு

மெக்கானிக் மாரிக்கண்ணு வாஷிங் மெஷினின் முதுகுப்பக்கம் குனிந்து பார்த்தான். பார்த்தவன் சிரித்துவிட்டான்.

அஞ்சுகமும் அவன் பின்னாலேயே வந்து குனிந்தாள்.

"என்ன தம்பி சிரிக்கிற? போச்சா?"

"இருங்கக்கா, பதறாதீங்க" என்று பையைத் துழாவி ஸ்பானரைத் தேடினான் அவன்.

பதறாமல் எப்படி இருப்பாள்? நாளைக் காலை ஆறு மணிக்கு வண்டி வருகிறது. மகள் முத்தமிழும், அவளுக்குச் சீராகக் கொடுத்த சாமான்களும் அம்பகரத்தூருக்குத் திரும்பப் போகவேண்டும். அந்த நேரம் பார்த்து, சீர் மெஷினைப் பெற்றவளே கெடுத்து வைத்திருக்கிறாள் என்றால் சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள்? சம்பந்தி கிடக்கட்டும், வீட்டுக்காரர் சுப்ராயனுக்கு யார் பதில் சொல்வது?

போன வருஷம் தையில் கல்யாணம். ஆடிக்கு அழைத்து வந்த பெண்ணை, ஆடி முடிந்தும் அழைத்துப் போக யாரும் வரவில்லை. 'மருமகளுக்குக் கையில சுறுசுறுப்புப் போதாது' என்று மாமியார் ஞானசௌந்தரி சொல்லி அனுப்பியதோடு சரி. கார்த்திகை மழையில் ஒருநாள் லோடு ஆட்டோ ஒன்று விழிதியூருக்கு வந்து, கட்டில், பீரோ, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் வாசலில் இறக்கிவிட்டுப் போனது.

சுப்ராயன் ஒன்றையும் வீட்டுக்குள் ஏற்றவிடவில்லை. மாடு இல்லாத மாட்டுக் கொட்டகையில் அடுக்கினார். தார்ப்பாயைப் போட்டு மூடி, கயிறு கட்டினார்.

"யாரும் இதுல கை வைக்கக் கூடாது. திரும்பி வந்த சீர் சாமான நாம பொழங்க ஆரம்பிச்சா, பொண்ணு வாழ்க்கை முடிஞ்சு போச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்டதா அர்த்தம்" என்றார்.

மூன்று மாதம் அந்தக் கயிற்றை யாரும் தொடவில்லை. கிரைண்டர் கொட்டகையில் புதுசாக நின்றது. அஞ்சுகம் பழைய கிரைண்டரின் குழவியை நொடிக்கொரு தரம் கையால் தள்ளிவிட்டு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஞானசௌந்தரி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து கட்டிலோடு கிடக்கிறாள். அதற்கப்புறம்தான் அந்த வீட்டுக்கு மருமகள் என்று ஒருத்தி இருப்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சுப்ராயன் தலையாட்டினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர், 'நான் சொன்னேன்ல' என்று தார்ப்பாயைத் தட்டிக்கொடுத்ததை அஞ்சுகம் பார்த்தாள். அவளுக்கும் சந்தோஷம்தான். மகள் வாழப்போகிறாள் என்றால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? அம்பகரத்தூர் காளிக்கு மனசுக்குள் விழுந்து கும்பிட்டாள்.

இவ்வளவும் நல்லபடியாக நடந்துகொண்டிருக்கும்போதுதான் நேற்று அந்தக் கூத்து நடந்தது.

இரண்டு வருஷமாகவே அவளுடைய வலது மணிக்கட்டு மரத்துப் போகிறது. 'துணியப் புழியவே கூடாதும்மா' என்றார் டாக்டர். 'சரிங்க' என்று வந்து, அன்று சாயங்காலமே பிழிந்தாள். வேறு யார் பிழிவார்கள்? நேற்று போர்வைகளைக் கல்லில் போட்டுக் கும்மிவிட்டு முறுக்கும்போது, கை முறுக்கவே இல்லை. விரல்கள் அவளுடைய விரல்களாகவே இல்லை. வீட்டில் யாரும் இல்லை. கொட்டகையைப் பார்த்தாள். கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து மாட்டினாள். கொல்லைக் குழாயிலிருந்து ஹோஸைச் செருகினாள். கல்லில் துவைக்கிற பழக்கத்தில் மூன்று கைப்பிடி சோப்புத் தூளைக் கொட்டினாள். முதலில் நுரை பொங்கி வந்தது. அதையாவது சகித்துக்கொள்ளலாம். கடைசிச் சுற்றில் மெஷின் தடதடவென்று அதிர்ந்து, குதித்து, கொட்டகையை விட்டு வெளியே நடக்க ஆரம்பித்தது. அஞ்சுகம் ஓடிப்போய் இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்தாள். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, 'நில்லு தாயி, நில்லு' என்று கெஞ்சியவள் காரைக்கால் ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அதனால்தான் இன்று காலை, சுப்ராயன் வண்டி பேசவும் பழம் வாங்கவும் கிளம்பிய கையோடு, காரைக்காலில் கடை வைத்திருக்கும் மாரிக்கண்ணுவுக்குத் திருட்டுத்தனமாகப் போன் போட்டாள்.

மாரிக்கண்ணு மெஷினின் பின்னாலிருந்து நீளமான போல்ட் ஒன்றைத் திருகி எடுத்தான். இரண்டாவது வந்தது. மூன்று, நான்கு.

"கம்பெனிலேர்ந்து லாரில வர்றப்ப உள்ள இருக்குற டிரம் ஆடக் கூடாதுன்னு முடுக்கி அனுப்புவாங்கக்கா. வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா இதத்தான் கழட்டணும். கழட்டாம ஓட்டுனா இப்புடித்தான், மெஷின் ஊர்கோலம் போவும்."

"அப்ப கெட்டுப் போவலியா?"

"கெடுறதுக்கு இது எங்க ஓடியிருக்கு? புத்தம் புதுசு. நேத்து நீங்க வுட்டதுதான் இது பாத்த மொத தண்ணி."

கெட்டுப்போகவில்லை என்பது மட்டும்தான் அஞ்சுகத்தின் காதில் ஏறியது. மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. காளியாத்தா காப்பாற்றினாள் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

எந்தப் பொத்தான் எதற்கு என்று மாரிக்கண்ணு காட்டினான். தூள் இரண்டு ஸ்பூனுக்கு மேல் போகக் கூடாது என்றான். நாளைக்கு வண்டியில் ஏற்றும்போது மறுபடி முடுக்குங்கள் என்று போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

அவன் போனதும் தார்ப்பாயை இழுத்து மூடியிருக்க வேண்டும். அஞ்சுகமும் அதற்குத்தான் போனாள். தார்ப்பாயைக் கையில் எடுத்தவள், ஒரே ஒரு தடவை என்று கீழே போட்டாள்.

சுப்ராயனின் வேட்டி, தன் சேலை, முத்தமிழின் சுடிதார். கதவை மூடிப் பொத்தானை அழுத்தினாள். உள்ளே தண்ணீர் இறங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் மூன்று துணியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து புரண்டன.

துணி துவைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது, தான் சும்மா நிற்கிறோம். இது அவளுக்குப் பிடிபடவே இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி தன் வேலையைச் செய்வதுபோல் கூச்சமாக இருந்தது. கூடமாட ஏதாவது செய்யலாமா என்று சுற்றிச் சுற்றி வந்தாள். செய்ய ஒன்றுமில்லை.

போய் டீ போட்டாள். நாற்காலியைக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து குடித்தாள். டீ இவ்வளவு சூடாக இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. எப்போதும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆறிப்போனதைத்தான் ஒரே மடக்காக விழுங்குவாள்.

இந்த வீட்டுக்கு வாழ வந்த மூன்றாம் நாள் கொல்லைக் கல்லில் துணி அடிக்க ஆரம்பித்தவள். மாமனார் வேட்டி, கொழுந்தன் கால்சட்டை, நடவுச் சேறு படிந்த சேலை, பிள்ளைகளின் மூத்திரத் துணி, மாமியார் படுக்கையில் விழுந்த ஒன்றரை வருஷத்துத் துணி. எல்லாம் இந்தக் கையால்தான். மெஷின் வேண்டுமென்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். 'மெஷின்ல போட்டா துணி நைஞ்சுடும்' என்றார் சுப்ராயன். அவள் தன் கைக்காகக் கேட்டாள், அவர் துணிக்காகச் சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது.

மகள் கல்யாணத்தில்தான் பிடிவாதமாக நின்றாள். பீரோ சின்னதாக இருக்கட்டும், கட்டில் சாதாரணக் கட்டிலாக இருக்கட்டும், மெஷின் இருந்தே ஆக வேண்டும். 'எம் பொண்ணு கல்லுல துணி அடிக்கக் கூடாது' என்று கடைக்கு அவளே போய் நின்று எடுத்தாள். சீர் வரிசையில் அதைத் தூக்கிக்கொண்டு போனபோது, தாலி ஏறியபோதுகூட வராத அழுகை அவளுக்கு வந்தது.

கடைசிச் சுற்று வந்தது. மெஷின் இரைந்தது, ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நின்றதும் கதவைத் திறந்து சேலையை எடுத்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை. யாருடைய மணிக்கட்டும் நோகாமல் பிழிந்த சேலை. அதை அப்படியே கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இளஞ்சூடாக இருந்ததாக அவளுக்குத் தோன்றியது. தனியாகச் சிரித்தாள்.

அப்புறம் அவளை யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. தலையணை உறைகளைக் கழற்றினாள். வாசல் திரையை உருவினாள். அழுக்கே இல்லாத துண்டை முகர்ந்து பார்த்து, அழுக்கு என்று தீர்ப்புச் சொல்லி உள்ளே போட்டாள். மணி பன்னிரண்டுக்குள் மூன்று தடவை ஓட்டிவிட்டாள். வீட்டில் அழுக்குத் தீர்ந்து போயிற்று. அதற்காக வருத்தப்பட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? இத்தனை வருஷம் எதைத் தவறவிட்டோம் என்பது இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த மறுநாளே அது போகிறது. போனால் போகட்டும், மகள் அனுபவிக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு துணியை உலர்த்தப் போனாள்.

முத்தமிழின் சுடிதாரை உதறினாள். ஆறு மாதம் அம்பகரத்தூரில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளுடன் போனில் பேசியது ஞாபகம் வந்தது.

'மெஷின் ஓடுதாடி?'

'ஓடுதும்மா. துணியப் போட்டுட்டுத்தான் பேசறேன்.'

பின்னால் தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு அஞ்சுகம் பூரித்துப்போவாள். நாள் முழுக்க அந்தப் பூரிப்பு இருக்கும்.

நேத்து நீங்க வுட்டதுதான் இது பாத்த மொத தண்ணி.

சுடிதார் கொடியில் ஏறாமல் கையிலேயே நின்றது. அப்படியானால் போனில் கேட்டது எந்தத் தண்ணீர்?

மூன்று மணி பஸ்ஸில் முத்தமிழ் வந்தாள். மூன்று மாதமாகக் காரைக்காலில் நஸ்ருதீன் பாய் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லத்தான் இன்று போயிருந்தாள்.

"பாய் என்ன சொன்னாரு?" என்று அஞ்சுகம் கேட்டாள். கேட்க நினைத்தது வேறு.

"நல்லா இரும்மா, எப்ப வேணா வான்னாரு. சேலை ஒண்ணு எடுத்துக் குடுத்தாரு." கொல்லையில் கால் கழுவ வந்த முத்தமிழ், கொடி நிறையத் துணியையும் தார்ப்பாய் இல்லாத மெஷினையும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "ஓட்டிட்டியா! அப்பா பாத்தா அவ்வளவுதான்." பக்கத்தில் வந்து கண்ணாடிக் கதவைத் தொட்டாள். "எப்புடிம்மா இருக்கு? ரொம்ப சத்தம் போடுமா?"

அஞ்சுகம் மகளையே பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியாதாடி?"

முத்தமிழின் கை கண்ணாடியிலிருந்து மெல்ல இறங்கியது.

"மறைக்காம சொல்லு. அங்க இது ஓடவே இல்ல. அப்புடித்தானே?"

"ஆமாம்மா."

"ஆறு மாசமுமா?"

"ஹால்ல டி.வி. பக்கத்துல வச்சிருந்தாங்க. மேல லேஸ் துணி விரிச்சு ஒரு பூச்சாடி. வர்றவங்க போறவங்க பாக்கணும்ல. பொம்பள கை படாத துணிய அந்த வீட்டு ஆம்பளைங்க உடுத்த மாட்டாங்களாம். அத்தை மொத நாளே சொல்லிட்டாங்க."

"மாப்ள ஒண்ணும் கேக்கலியா?"

மாப்பிள்ளை சிதம்பரநாதன் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் சூப்பர்வைசர். நிலக்கரி லாரிகளுக்கு நடுவில் நிற்கிற வேலை.

"அவரு காலைல வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போவாரு. சாயந்தரம் அது சட்டையா கரித்துணியான்னு தெரியாது. மறுநா காலைல அது வெள்ளையா இருக்கணும். எப்புடி வெள்ளையாச்சுன்னு அவரு கேட்டதில்ல."

"அப்ப போன்ல கேட்ட தண்ணி சத்தம்?"

"கொழாயடி. வாளி நெறையிற சத்தம். போன தோள்ல இடுக்கிக்கிட்டுத்தான் ஒங்கிட்ட பேசுவேன்."

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே அஞ்சுகம் பூரித்தாள்? மகள் குழாயடியில் குந்தியிருக்க, அந்தச் சத்தத்தை இவள் தன் காதில் வைத்துக் கொஞ்சியிருக்கிறாள்.

"ஏண்டி பொய் சொன்ன?"

"நீ மொதக் கேள்வியே அதத்தானே கேப்ப? சாப்டியான்னு கேக்குறதுக்கு முன்னாடி மெஷின் ஓடுதான்னு கேப்ப. ஓடுதுன்னு சொன்னா ஒங்கொரல் எப்புடி மாறும் தெரியுமா? அந்த வாரத்துல நான் கேக்குற நல்ல சத்தம் அது ஒண்ணுதான். அதுக்காகவே சொன்னேன்."

அஞ்சுகம் அழுதாள். முத்தமிழ் அழவில்லை. கொடியிலிருந்து உலர்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"நீ போவ வேணாம்" என்றாள் அஞ்சுகம்.

"போறேம்மா."

"அவங்களுக்கு மருமக வேணாம்டி. படுத்துக் கெடக்குற மனுசிக்கு மலம் மூத்திரம் அள்ள ஆள் வேணும்."

"அது எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிற?"

"தெரிஞ்சுமா போற?"

"அப்பா ஏழு மாசமா டீக்கடைப் பக்கமே போவலம்மா. வாய்க்காக் கரையோட சுத்திக்கிட்டு வீட்டுக்கு வர்றாங்க. நீ கவனிச்சியோ இல்லியோ, நான் கவனிச்சேன். போன ஞாயித்துக்கெழமதான் கடைக்குப் போனாங்க. ரெண்டு டீ குடிச்சேன் பாப்பான்னு எங்கிட்ட வந்து சொல்றாங்க. அந்த மொகத்தப் பாத்துக்கிட்டு நான் போவலன்னு எப்புடிச் சொல்றது?"

"நான் சொல்றேன். சாயந்தரம் வரட்டும்."

முத்தமிழ் மடித்த சேலையை அம்மாவின் மடியில் வைத்தாள். "சொல்லு. எதுவும் மாறாது" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் அஞ்சுகத்தைப் பயமுறுத்தியது.

விளக்கு ஏற்றுகிற நேரத்தில் சுப்ராயன் பைக்கில் வந்தார். ஹாண்டில்பாரில் இரண்டு சீப்பு பழமும் பூப் பொட்டலமும் தொங்கின. முகம் பளிச்சென்று இருந்தது. கொல்லைக்கு வந்து கொட்டகையைப் பார்த்ததும் அந்தப் பளிச் போய்விட்டது.

"கை வச்சுட்டியா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு பொறுக்க முடியலியா ஒனக்கு?"

"முத்தமிழு போவ மாட்டாளுங்க" என்றாள் அஞ்சுகம். அதோடு நிறுத்தவில்லை. மாரிக்கண்ணு வந்தது, போல்ட்டுகளைக் கழற்றியது, முதல் தண்ணீர், பூச்சாடி, குழாயடி, போன் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். இவ்வளவு நீளமாக அவரிடம் அவள் பேசியது இதுதான் முதல் தடவை.

சுப்ராயன் கல்லின்மேல் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஆடிக்கு அழைக்கப் போனப்ப பாத்தேன். கொழாயடில பொண்ணு குந்திக்கிட்டு போர்வை கும்மிக்கிட்டு இருந்துச்சு. மெஷின் ஹால்ல நின்னுச்சு, பூச்சாடி வச்சு."

"பாத்துட்டு என்ன பண்ணுனீங்க?"

"காப்பி குடிச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

சுப்ராயன் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கள்ளம் எதுவும் இல்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

"அதுல சொல்றதுக்கு என்ன இருக்குன்னு எனக்குத் தோணல அஞ்சுகம். சத்தியமா தோணல. பொம்பள துணி தொவைக்கிறா. தெனம் நீ தொவைக்கிறதப் பாத்துக்கிட்டுத்தானே நான் பல்லு வெளக்குறேன்?"

அவர் பொய் சொல்லியிருந்தால் அஞ்சுகம் சண்டை போட்டிருப்பாள். மறைத்திருந்தால் கத்தியிருப்பாள். அவர் எதையும் மறைக்கவில்லை. மகள் படும் பாட்டைப் பார்த்த கண்ணுக்கு அது பாடாகவே தெரியவில்லை. அந்தக் கண்ணை அப்படிப் பழக்கியது யார்? நாற்பது வருஷம் வாயைத் திறக்காமல் அவர் கண்ணெதிரே கும்மிப் பிழிந்து உலர்த்தியவள்தான். அஞ்சுகம் கொடியில் மிச்சமிருந்த திரையை உருவினாள்.

அவள் அமைதியானதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டார் சுப்ராயன். பாவம், நல்ல சேதி ஒன்றையும் கையில் வைத்திருந்தார்.

"மெஷினத் தொட்டதுக்காக நானும் கத்தியிருக்க வேணாம். பழக்கத்துல கத்திட்டேன். வழியில மாப்ள போன் பண்ணுனாரு. சாமான் ஒண்ணும் ஏத்த வேணாமாம். ஹால்ல ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டுட்டாங்களாம், எடமில்ல. பொண்ணு மட்டும் வந்தா போதும் மாமான்னாரு. எவ்வளவு பெருந்தன்மை பாரு."

அஞ்சுகம் திரையை மடித்துக் கல்லின் ஓரத்தில் வைத்தாள்.

"பொண்ணுதான் போயிடுதே, இனிமே இத நாம பொழங்குனா குத்தமில்ல. நீயே வச்சுக்க. கொல்லைல தனியா ஒரு கொழாய் இழுத்துத் தர்றேன். ஒன் கையும் முடியல. இனிமேயாவது நீ கொஞ்சம் உக்காரு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் சொன்ன மிக அன்பான வார்த்தை அதுதான். அதைக் கேட்டதும் அஞ்சுகத்தின் மனசு ஒரு நொடி துள்ளியது. சூடான டீயும், பிழிந்து வந்த சேலையும், சும்மா உட்கார்ந்த அந்த ஒரு மணி நேரமும் இனி தினமும் தனக்கு என்று துள்ளியது.

ஒரே ஒரு நொடிதான். மகளைக் கொடுத்துவிட்டு மெஷினை வாங்கிக்கொண்டு சந்தோஷப்பட்டிருக்கிறாள். அந்த நொடியை அவளால் தாங்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அறையில் முத்தமிழ் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா பேசியதெல்லாம் ஜன்னல் வழியாக அவளுக்குக் கேட்டிருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நானும் வர்றேன்" என்றாள் அஞ்சுகம்.

"எங்க?"

"ஒங்கூட. ஒன் மாமியா எழுந்து நடக்குற வரைக்கும் கூட இருக்கேன். ரெண்டு பேரா சேந்து செஞ்சா ஒனக்குப் பாதியாவது கொறையும்."

முத்தமிழ் முதல் தடவையாகக் கையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"பாதி ஆவும்னு நெனைக்கிறியாம்மா? ரெண்டு பேரு போனா ரெண்டு பேருக்கும் முழுசா இருக்கும்."

மகள் சொன்னது நிஜம் என்று அஞ்சுகத்துக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் அலமாரியைத் திறந்து தன் சேலைகள் இரண்டை எடுத்து, மகளின் துணிகளுக்குப் பக்கத்தில், பையின் ஓரமாக வைத்தாள். முத்தமிழ் அவற்றை எடுத்து வெளியே போடவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

கொல்லையில் சுப்ராயன் முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"ஏ அஞ்சுகம்! கொழாய சோத்தாங்கைப் பக்கம் வைக்கவா, பீச்சாங்கைப் பக்கம் வைக்கவா?"

உள்ளே முத்தமிழ் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அவர் மறுபடியும் கூப்பிட்டார்.